யானை எஞ்சின்

பழைய அமெரிக்க மசில் கார்களைப் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷமே 'ஹெமி'ங்கிற வார்த்தை வந்து விழும். அதுவும் "426 ஹெமி"ன்னு நம்பரோட சொல்லும்போது அவங்க குரலே கொஞ்சம் மாறும். கோயில்ல மூலவர் பேரைச் சொல்ற மாதிரி. அந்த எஞ்சினுக்கு செல்லப்பேரு யானை. உருவத்தைப் பார்த்து வச்ச பேருதான், எஞ்சின் மட்டுமே 300 கிலோவுக்கு மேல தேறும். இந்த யானை எப்படிப் பிறந்துச்சு, பிறக்கிறதுக்கு முன்னாடியே எப்படி விரிசல் விட்டுச் சாகப் பார்த்துச்சு, அதைக் காப்பாத்தினவங்க அதுக்கு என்ன விலை கொடுத்தாங்க, இதெல்லாம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க :-)

மசில் கார்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நடுத்தர சைஸ் குடும்பக் காரோட பாடிக்குள்ள, அதே கம்பெனி பெரிய காருக்குன்னு செஞ்ச எஞ்சினைத் திணிச்சு, இளவட்டங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில வித்தா அது மசில் கார். 1964-ல வந்த போன்டியாக் ஜிடிஓ-வைத்தான் பெரும்பாலும் முதல் மசில் கார்னு சொல்லுவாங்க. 1970-களோட ஆரம்பத்திலயே அந்தக் காலம் முடிஞ்சும் போச்சு. மொத்தமே ஏழெட்டு வருஷக் கூத்துதான்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். குதிரைத்திறன்னு நாம சொல்றது கடைசியில காத்து சமாச்சாரம். பெட்ரோல் எவ்வளவு வேணாலும் ஊத்தலாம், அது கஷ்டமே இல்லை. அந்தப் பெட்ரோலை எரிக்கிறதுக்கான காத்தை சிலிண்டருக்குள்ள கொண்டு வர்றதுதான் கஷ்டம். காத்து வர்ற வாசல் வால்வு. வாசல் பெருசா இருக்கணும், வர்ற வழி நேரா இருக்கணும், எரிஞ்ச புகை வெளிய போற வாசலும் அடைக்காம இருக்கணும். அந்தக் காலத்து அமெரிக்க வி8 எஞ்சின்கள்ல பெரும்பாலும் ரெண்டு வால்வும் ஒரே வரிசையில பக்கத்துல பக்கத்துல நிக்கும். ரெண்டு வால்வோட அகலமும் சேர்ந்து சிலிண்டர் விட்டத்துக்குள்ள அடங்கணும். அதனால வால்வை ஒரு அளவுக்கு மேல பெருசாக்க முடியாது. வால்வோட ஒரு ஓரம் சிலிண்டர் சுவரை ஒட்டி நிக்கிறதால, அந்தப் பக்கம் காத்து தாராளமா போகவும் முடியாது. எரியறை ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சிருக்கும், அதனால இதுக்கு 'வெட்ஜ்'னு பேரு.

ஹெமியில எரியறை பாதியா வெட்டின பந்து மாதிரி. கொட்டாங்கச்சியைக் கவுத்து வச்சதா நினைச்சுக்குங்க. கொட்டாங்கச்சியோட ஒரு சரிவுல காத்து உள்ள வர்ற வால்வு, எதிர்ச் சரிவுல புகை வெளிய போற வால்வு. சரிவுல வைக்கிறதால இடம் அதிகம், வால்வு பெருசாப் போடலாம். காத்து ஒரு பக்கம் வந்து மறுபக்கம் நேரா வெளிய போயிடும். ஸ்பார்க் பிளக் ஏறக்குறைய நடு உச்சியில. கேக்கறதுக்கு எல்லாமே நல்லதாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் இதைப் பண்ணலைன்னு கேப்பீங்க. செலவு. வால்வுங்க எதிரெதிர்ப் பக்கம் சாஞ்சு நிக்கறதால ஒரு ஹெட்டுக்கு ரெண்டு ராக்கர் தண்டு வேணும். ஹெட்டு அகலமாகும், கனமாகும். பானெட்டுக்குள்ள எஞ்சினை இறக்கவே இடம் பத்தாது. இந்த எரியறையை கிரைஸ்லர் கண்டுபிடிக்கவும் இல்லை. முதல் உலகப் போருக்கு முன்னாடியே ஐரோப்பாவுல இது ஓடிட்டு இருந்துச்சு. கிரைஸ்லர் பண்ணது அதை ஊருக்கே தெரியுற பிராண்டா ஆக்கினதுதான்.

கிரைஸ்லருக்கு இந்த ஆசை ரெண்டாம் உலகப் போர்ல வந்துச்சு. போர் விமானத்துக்காக 16 சிலிண்டர், 2,220 கியூபிக் இன்ச், 2,500 குதிரைத்திறன்னு ஒரு ராட்சசனை இதே அரைக்கோள எரியறையோட பண்ணினாங்க. 1945-ல அது தண்டர்போல்ட் விமானத்துல ஏறிப் பறக்கறதுக்குள்ள போரே முடியப் போகுது, ஜெட்டும் வந்தாச்சு. விமானம் போச்சு, படிச்ச பாடம் மட்டும் கையில நின்னுச்சு. 1951-ல 331 கியூபிக் இன்ச்ல 180 குதிரைத்திறனோட கிரைஸ்லர் கார்ல ஃபயர்பவர்ங்கிற ஹெமி வந்துச்சு. அதே வருஷம் அதே 331 கியூபிக் இன்ச்ல காடிலாக் கொடுத்தது 160. அளவு ஒண்ணு, குதிரை இருபது கூட. 1953-ல கன்னிங்ஹாம் அணி இந்த எஞ்சினை வச்சு பிரான்ஸ் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல மூணாவதா வந்தாங்க. 1955-ல கிரைஸ்லர் 300 காரு 300 குதிரைத்திறனோட நாஸ்கார்ல பட்டம் அடிச்சுது. ஆனா 1958-ஓட செலவுக்கணக்கு ஜெயிச்சுது. ஹெமியை மூட்டை கட்டிட்டு கிரைஸ்லரும் வெட்ஜுக்கே போயிட்டாங்க.

இடையில நம்ம ஊர்ப் பக்கம் ஒரு எட்டு. பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ பேரெல்லாம் இங்க பெரிசுகளுக்கு அத்துப்படி. பம்பாயில பிரீமியர் கம்பெனி கிரைஸ்லர்கிட்ட லைசென்ஸ் வாங்கி அந்தக் கார்களையும் லாரிகளையும் இங்கயே பூட்டி வித்தாங்க. அதே பிளைமவுத்துதான் இந்தக் கதையில வர்ற பிளைமவுத்தும். ஆனா இங்க வந்தது சாதுவான குடும்ப வண்டி, அங்க ஓடினது வேற ஜாதி.

கதைக்கு முக்கியமான ஆளு டாம் ஹூவர். படிச்சது இயற்பியல், வேலை கிரைஸ்லர்ல. ஆபீஸ் முடிஞ்சதும் இவரும் கூட வேலை பார்க்கிற இளம் இன்ஜினியர்களும் சேர்ந்து 'ராம்சார்ஜர்ஸ்'னு ஒரு கிளப் நடத்தினாங்க. கைக்காசு போட்டு 1949 பிளைமவுத் ஒண்ணைப் பிடிச்சு, அதுல பழைய ஹெமியை ஏத்தி, கால் மைல் டிராக் ரேஸ்ல ஓட்டினாங்க. பார்க்க அசிங்கமான வண்டி. ஆனா காத்து வர்ற குழாயோட நீளத்தை மாத்தினா எஞ்சினோட இழுவை எப்படி மாறும்ங்கிற விஷயத்தையெல்லாம் இவங்க அந்த வண்டியிலதான் முட்டி மோதிப் பார்த்தாங்க. கம்பெனி சொல்லி பண்ணல, சம்பளத்துக்கும் பண்ணல. என்னைக் கேட்டா 426 ஹெமியோட உண்மையான பிறந்த இடம் இந்த கிளப்போட கராஜ்தான்.

1963 பிப்ரவரியில டேடோனா 500 பந்தயம். புளோரிடாவுல இரண்டரை மைல் வட்டம், 200 சுத்து, மொத்தம் 500 மைல். முதல் அஞ்சு இடமும் ஃபோர்டு. மத்த கம்பெனிக்காரங்க மூஞ்சியைப் பார்க்கணுமே. அந்தக் காலத்துல ஞாயித்துக்கிழமை ரேஸ்ல ஜெயிச்சா திங்கக்கிழமை கடையில விக்கும்னு கம்பெனிங்க நிஜமாவே நம்புச்சு. கிரைஸ்லர் தலைவர் லின் டவுன்செண்ட் தன் ஆளுங்ககிட்ட கேட்டது ஒரே கேள்வி. அடுத்த வருஷம் டேடோனாவுல ஜெயிக்க என்ன வேணும்? ஹூவரும் அவர் கூட்டாளிகளும் சொன்ன பதில், கைவசம் இருக்கற 426 வெட்ஜ் பிளாக்கை எடுத்துக்கலாம், அதுக்கு மேல ஹெமி ஹெட் வைக்கலாம். புதுசா எதையும் கண்டுபிடிக்க வேணாம், ஹெமி நமக்குத் தெரிஞ்ச பண்டம். ஒரு வருஷம் கூட கையில இல்லாத நேரத்துல இது புத்திசாலித்தனமான பதில்.

சொல்றது சுலபம். வெட்ஜ் பிளாக்கில ஹெமி ஹெட்டு அப்படியே உக்காராது. ஹெட்டைப் பிளாக்கோட இறுக்கிற போல்ட்டுகள்ல சிலதுக்கு மேல இடமே இல்லை, அந்த இடத்துல காத்து வர்ற போர்ட்டு குறுக்க வருது. கடைசியில என்ன பண்ணாங்கன்னா, அந்த வரிசையில சில ஸ்டட்டுகளை ஹெட்டுலயே மாட்டி, டேப்பெட் இருக்கற பள்ளத்துல கீழ இருந்து நட்டு போட்டு இறுக்கினாங்க. அதாவது ஹெட்டை மேல இருந்தும் இறுக்கணும், கீழ இருந்தும் இறுக்கணும். இன்னிக்கும் இந்த எஞ்சினைப் பிரிக்கறவன் அந்த நட்டை மறந்துட்டு ஹெட்டைத் தூக்கப் பார்த்தா அது அசையாது. இன்னொரு பிரச்சினை, புகை போற வால்வைத் தள்ளுற புஷ் ராடும் ராக்கரும் ரொம்ப நீளமாகுது. நீளமானா கனம், கனமானா வேகத்துல தடுமாறும். அதுக்காக எரியறையையே கொஞ்சம் உள்பக்கமா திருப்பி வச்சாங்க. கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குற நடுவுல இருக்கற மூணு மெயின் கேப்புக்கும் கீழ இருந்து போல்ட் போட்டது பத்தாதுன்னு, பிளாக்கோட பக்கவாட்டுல இருந்தும் குறுக்க போல்ட் போட்டாங்க. சிலிண்டர் விட்டம் 4.25 இன்ச், ஸ்ட்ரோக் 3.75 இன்ச். உள்ள வர்ற வால்வு 2.25 இன்ச் அகலம், வெளிய போறது 1.94. ரேஸ் எஞ்சினுக்கு கம்ப்ரஷன் 12.5. எட்டு சிலிண்டரும் சேர்ந்து கிட்டத்தட்ட 7 லிட்டர்.

1963 கடைசியில எஞ்சின் ஓட ஆரம்பிச்சுது. சக்தின்னா அப்படி ஒரு சக்தி. ஆனா டேடோனாவுல ஜெயிக்க சக்தி மட்டும் போதாது, 500 மைல் முழு மிதியில தாங்கணும். மூணரை மணி நேரத்துக்குக் கிட்ட. பந்தயத்துக்கு ஒரு மாசம் கூட இல்லாத நேரத்துல, 1964 ஜனவரி முடியப் போறப்ப, சோதனை பெஞ்சுல எஞ்சின்கள் விரிசல் விட்டுச்சு. எல்லாம் வலது பக்க சிலிண்டர் சுவர்ல. பிஸ்டன் கீழ இறங்கும்போது நேரா மட்டும் இறங்காது, கனெக்டிங் ராடு சாஞ்சு நிக்கறதால சுவரோட ஒரு பக்கத்தைப் போட்டுத் தள்ளும். வெட்ஜ்ல அந்தத் தள்ளலைத் தாங்கின சுவர் ஹெமியில தாங்கல.

இந்த இடத்தை நினைச்சுப் பாருங்க. ஹெட்டு சரி, வால்வு சரி, பிஸ்டன் சரி. பிரச்சினை பிளாக்குல, அதாவது அடித்தளத்துல. பிளாக்னா கடையில வாங்கி மாட்டற சாமான் இல்லை. ஃபவுண்டரியில இரும்பை உருக்கி ஊத்தி, ஆற வச்சு, மெஷின்ல ஏத்திக் கடைஞ்சு எடுக்கணும். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு நான் சொல்றது சட்டுன்னு புரியும். புதுசா அச்சு செஞ்சு நிதானமா பண்ணா மாசக்கணக்கு ஆகும். கையில இருந்ததோ வாரக்கணக்கு.

இண்டியானாபொலிஸ் ஃபவுண்டரியில அவங்க பண்ணது கைவேலை. சிலிண்டரைச் சுத்தி தண்ணி ஓடற இடத்துக்கு மணல் கோர் வைப்பாங்க இல்லையா, அந்தக் கோரைச் சுரண்டினா அந்த இடத்துல இரும்பு கெட்டியா விழும். சுவர் தடிமனாகும், தண்ணிக்கான வழி கொஞ்சம் குறையும். அளவு தப்பினா ஒண்ணு தண்ணி போகாது, இல்லைன்னா இரும்பு சரியா நிரம்பாம உள்ள ஓட்டை விழும். ஊத்தி எடுத்த பிளாக்குகளை உலையில வச்சு சூடாக்கி மெதுவா ஆற விட்டாங்க. வார்ப்புல உள்ளுக்குள்ள தங்கிப் போற இறுக்கம் தளரறதுக்காக. தகுதிச் சுத்துகளைப் பழைய பிளாக்குகளை வச்சே ஒப்பேத்தினாங்க, அது தூரம் கம்மி. பந்தயத்துக்கான புது பிளாக் எஞ்சின்கள் கடைசி நேரத்துலதான் டேடோனாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சு.

தகுதிச் சுத்துலயே மத்தவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. முந்தின வருஷம் முதல் இடத்துக்கு மணிக்கு 160 மைல் சொச்சம் போதுமா இருந்துச்சு. 1964-ல பால் கோல்ட்ஸ்மித் பிளைமவுத்துல 174 மைலைத் தாண்டினார். ஒரே வருஷத்துல 14 மைல் கூடறதுங்கிறது ரேஸ் உலகத்துல கேள்விப்படாத விஷயம். பிப்ரவரி 23-ஆம் தேதி ரேஸ். ரிச்சர்ட் பெட்டின்னு 26 வயசுப் பையன், நீலக்கலர் பிளைமவுத், 43-ஆம் நம்பர். 200 சுத்துல 184 சுத்து அவர்தான் முன்னாடி. சராசரி வேகம் மணிக்கு 154 மைல், நம்ம கணக்குல 248 கிலோமீட்டர். ரெண்டாவது ஜிம்மி பார்டியூ, மூணாவது கோல்ட்ஸ்மித். மூணு பேருமே பிளைமவுத், மூணுமே ஹெமி. நாலு வாரம் முன்னாடி விரிசல் விட்டுக்கிட்டு இருந்த எஞ்சின்.

இதோட கதையை முடிச்சிருந்தா சினிமா மாதிரி இருக்கும். நிறைய கார்ப் பத்திரிகைக் கட்டுரைகள் இங்கதான் கைதட்டிட்டு நிறுத்திடும். எனக்கு இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம்னு தோணுது.

எஞ்சின் ஓடின வேகத்துக்கு டயரும் வண்டியும் ஓடலை. 1964 ரொம்ப மோசமான வருஷம். ஜனவரியிலயே, ஹெமி வர்றதுக்கு முன்னாடி, கலிபோர்னியா ரிவர்சைடுல ரெண்டு வருஷ சாம்பியன் ஜோ வெதர்லி செத்துப் போனார். மே மாசம் சார்லட் ரேஸ்ல ஃபயர்பால் ராபர்ட்ஸோட ஃபோர்டு கவுந்து தீப்பிடிச்சுது. ஜூலை 2-ஆம் தேதி ஆஸ்பத்திரியில அவர் இறந்தார். செப்டம்பர்ல அதே சார்லட்ல டயர் சோதனை. ஓட்டினவர் டேடோனாவுல ரெண்டாவதா வந்த அதே ஜிம்மி பார்டியூ. டயர் வெடிச்சு வண்டி தடுப்பைத் தாண்டிப் போச்சு, ஆள் பிழைக்கலை. எல்லாத்துக்கும் ஹெமிதான் காரணம்னு சொன்னா அநியாயம். வெதர்லி ஓட்டினது மெர்க்குரி, ராபர்ட்ஸ் ஓட்டினது ஃபோர்டு. ஆனா ரெண்டு கம்பெனியும் போட்டி போட்டுக்கிட்டு வேகத்தை ஏத்தினப்போ, பெட்ரோல் டேங்க்கும் டயரும் பழசாவே இருந்துச்சு. டயருக்குள்ள இன்னொரு டயர், உடையாத ரப்பர் பை வச்ச டேங்க்கெல்லாம் இந்தச் சாவுகளுக்கு அப்புறம் வந்த ஞானம்.

அக்டோபர் 1964-ல நாஸ்கார் தலைவர் பில் ஃபிரான்ஸ் புது விதிகளை அறிவிச்சார். ஹெமிக்குத் தடை. கடையில பொதுஜனம் வாங்கற கார்ல வராத எஞ்சினுக்கு 'ஸ்டாக் கார்' ரேஸ்ல என்ன வேலைங்கிறது அவர் வாதம். நியாயமான வாதம்தான். 1964-ல அந்த எஞ்சினை யாரும் ஷோரூம்ல பார்த்ததே இல்லை. ஃபோர்டு அதுக்குள்ள ஹெமிக்குப் பதிலடியா, ஹெட்டுக்கு மேலயே கேம் ஷாஃப்ட் வச்சு 427 எஞ்சின் ஒண்ணைத் தயார் பண்ணிட்டாங்க. அதோட டைமிங் செயின் மட்டும் ஆறடி கிட்ட நீளம்! அதுக்கும் ஃபிரான்ஸ் மாட்டேன்னுட்டார். கிரைஸ்லர் கோவிச்சுக்கிட்டு 1965 சீசன்ல இருந்து வெளிய போயிட்டாங்க.

சாம்பியன் பெட்டிக்கு வண்டி இல்லை. சும்மா இருக்க முடியாம, சின்ன பாராகுடா கார்ல ஹெமியை ஏத்தி, கதவுல 'தடை செய்யப்பட்டவன்'னு எழுதிக்கிட்டு டிராக் ரேஸுக்குப் போனார். பிப்ரவரி 28, 1965, ஜார்ஜியா மாநிலத்துல டாலஸ்ங்கிற சின்ன ஊரு. கிளம்பின வேகத்துல வண்டி கட்டுப்பாட்டை இழந்து மேட்டுல ஏறி ஜனங்க நடுவுல பாய்ஞ்சுது. எட்டு வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். இன்னும் சிலருக்குக் காயம். பெட்டி அந்த வருஷ நடுவுல நாஸ்காருக்கே திரும்பிட்டார். அவர் 200 ரேஸ் ஜெயிச்ச 'ராஜா'ங்கிறது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பையனைப் பத்தி பெருமைப் பட்டியல்கள்ல ஒரு வரி இருக்காது.

அந்த 1965-ல நாஸ்கார் நடத்தின 55 ரேஸ்ல 48 ஃபோர்டு ஜெயிச்சுது. எதிரி இல்லாத சண்டையை யாரு காசு கொடுத்துப் பார்ப்பாங்க? டிக்கெட் விக்கல. பாதி வருஷத்துலயே ஃபிரான்ஸ் இறங்கி வந்து சில நிபந்தனையோட ஹெமியை உள்ள விட்டார். கிரைஸ்லரும் அந்தத் தடைக்கு அழகா ஒரு பதில் வச்சிருந்தாங்க. கடையில விக்காத எஞ்சின்னுதானே தடை? சரி, வித்துட்டாப் போச்சு!

இப்படித்தான் 1966 மாடல்ல 'ஸ்ட்ரீட் ஹெமி' வந்துச்சு. ஒரு ரேஸ் விதியோட பிடிவாதத்தால, யார் வேணாலும் ஷோரூம்ல போய் ரேஸ் எஞ்சின் வாங்கலாம்ங்கிற நிலைமை. கம்ப்ரஷனை 10.25-க்கு இறக்கினாங்க, கேமைக் கொஞ்சம் சாதுவாக்கினாங்க, நாலு வாய் கார்ட்டர் கார்புரேட்டர் ரெண்டை முன்னும் பின்னுமா வரிசையா வச்சாங்க. மத்தபடி அதே பிளாக், அதே குறுக்கு போல்ட், அதே வால்வு. 5,000 சுத்துல 425 குதிரைத்திறன்னு காகிதத்துல எழுதினாங்க.

இந்த 425-ஐ வச்சு இன்னிக்கு வரைக்கும் சண்டை நடக்குது. அந்தக் காலத்து 'கிராஸ்' கணக்குல எஞ்சினைத் தனியா பெஞ்சுல வச்சு, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாம அளப்பாங்க. வண்டியில மாட்டின நிலையில அளக்கற 'நெட்' கணக்கு வேற. 1971-ல கிரைஸ்லர் ரெண்டையும் கொடுத்தப்போ இதே எஞ்சினுக்கு கிராஸ் 425, நெட் 350. ஆனா 425-ங்கிறதே இன்ஷூரன்ஸ்காரனுக்கும் ரேஸ் அதிகாரிக்கும் பயந்து குறைச்சு எழுதின நம்பர்னு ரசிகர்கள் சத்தியம் பண்ணுவாங்க. ஹெமிக்கு முன்னாடி வந்த வெட்ஜுக்கும் கம்பெனி இதே 425-ஐத்தான் எழுதி வச்சிருந்துச்சுங்கறதைப் பார்த்தா, எனக்கும் அவங்க பக்கம்தான் சாயத் தோணுது.

எஞ்சின் ஆப்ஷன் மட்டும் 870 டாலர் சொச்சம். மூவாயிரம் டாலர் காருக்கு இது பெரிய காசு. அதனாலயே 1966-ல இருந்து 1971 வரைக்கும் மொத்தமா பத்தாயிரத்துச் சொச்சம் வண்டிதான் ஹெமியோட போச்சு. வாங்கினவனுக்கும் சுகம் இல்லை. குளிர்ல ஸ்டார்ட் ஆகாது, ஊருக்குள்ள மெதுவா ஓட்டினா பிளக் அடைச்சுக்கும், அந்தப் பிளக்கோ வால்வு கவர் நடுவுல குழாய்க்குள்ள ஆழத்துல இருக்கு. 1970-ல ஹைட்ராலிக் டேப்பெட் வர்ற வரைக்கும் வால்வு கேப்பை வேற அடிக்கடி கையால அட்ஜஸ்ட் பண்ணணும். இதுல பெரிய கூத்து பிரேக்கு. நிறைய ஹெமி கார்கள்ல நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். கிளம்பறதுக்கு யானை, நிக்கறதுக்கு ஆண்டவன்.

ரேஸ் டிராக்ல மட்டும் அது யானையாவே இருந்துச்சு. 1966-ல பெட்டி டேடோனா 500-ஐ மறுபடி ஜெயிச்சார். 1967-ல ஒரே சீசன்ல 27 ரேஸ், அதுல பத்து தொடர்ச்சியா. 1970 மார்ச்சில டல்லடேகாவுல பட்டி பேக்கர் றெக்கை வச்ச டாட்ஜ்ல மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அந்தத் தாண்டலோட சரி, அடுத்த வருஷமே றெக்கை வண்டிகளுக்கு எஞ்சின் அளவைக் குறைச்சு நாஸ்கார் அதையும் முடிச்சு வச்சுது. வெளியிலயும் காத்து மாறிடுச்சு. 1970-ல காத்து மாசுச் சட்டம், இளவட்டங்களோட மசில் காருக்கு காரோட தவணையை விட அதிகமா இன்ஷூரன்ஸ், ஈயம் கம்மியான பெட்ரோல். 1971 மாடலோட ஸ்ட்ரீட் ஹெமி நின்னுச்சு. 1973-ல எண்ணெய் நெருக்கடி வந்தப்போ இந்த வண்டிகளைச் சீந்த ஆள் இல்லை. எஞ்சினை மட்டும் கழட்டி டிராக் ரேஸ் வண்டிக்கு எடுத்துக்கிட்டு பாடியை ஓரங்கட்டினவங்க ஏராளம். அப்படி விட்ட சாமானோட விலையைக் கேளுங்க. 1971 ஹெமி கூடா கன்வெர்ட்டிபிள், செஞ்சதே பத்துப் பதினோரு வண்டி, அதுல ஒண்ணு 2014 ஏலத்துல 35 லட்சம் டாலருக்குப் போச்சு. விலை இப்படிப் போனதால போலியும் வந்துடுச்சு. சாதா எஞ்சினோட பிறந்த வண்டியில ஹெமியை ஏத்தி அசல்னு விக்கறது. 1970, 71 வண்டின்னா வாங்கறவங்க முதல்ல சேசிஸ் நம்பர்ல அஞ்சாவது எழுத்து ஆங்கில 'ஆர்' தானான்னு பார்ப்பாங்க.

எஞ்சின் வடிவம் மட்டும் சாகல. டிராக் ரேஸ்ல உச்சமான டாப் ஃபியூயல் வண்டிகள்ல இன்னிக்கும் ஓடறது இதோட வாரிசுதான். அலுமினியக் கட்டியில குடைஞ்ச பிளாக், 500 கியூபிக் இன்ச், நைட்ரோமீத்தேன் எரிபொருள், மேல பெரிய சூப்பர்சார்ஜர், 11,000 குதிரைத்திறன்னு கணக்கு சொல்றாங்க. சாமான் ஒண்ணு கூட 1964 எஞ்சினோட பொருந்தாது. ஆனா ரெண்டு வால்வு, புஷ் ராடு, கவுத்து வச்ச கொட்டாங்கச்சி, எல்லாம் ஹூவர் கோஷ்டி வரைஞ்ச அதே ஏற்பாடுதான். ஹூவர் 2015-ல காலமானார்.

பழைய வண்டிக்கு இப்ப ஹெமி கட்டறவங்க அசல் பிளாக்கைத் தேடி அலையறதில்லை. கிடைச்சாலும் அறுபது வருஷத்து இரும்பு, எந்தச் சிலிண்டர்ல என்ன விரிசலோ. புதுசா வார்த்த பிளாக் இரும்புலயும் அலுமினியத்துலயும் கிடைக்குது. அதுல சிலிண்டர் விட்டத்தை 4.5 இன்ச்சா ஆக்கி, ஸ்ட்ரோக்கை 4.15 ஆக்கினா 528 கியூபிக் இன்ச் வந்துடும். காத்தடிக்கிற சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாமலே 600 குதிரைக்கு மேல, அதுவும் ரோட்டுல ஓட்டற பக்குவத்தோட. 1964-ல தூக்கம் கெட்டு செதுக்கின சுவர் தடிமன் பிரச்சினை இன்னிக்கு வாங்கும்போதே தீர்ந்து வருது.

2018 கடைசியில மோப்பார் பழைய 426 நம்பரையே தூக்கி ஒரு ரெடிமேட் எஞ்சின் காட்டினாங்க. பேரு 'ஹெல்லிஃபன்ட்', யானையை விடறதா இல்லை. அலுமினிய பிளாக், சூப்பர்சார்ஜர், 1,000 குதிரைத்திறன், விலை 29,995 டாலர். 1976-க்கு முந்தின வண்டிக்கு மட்டும்தான்னு நிபந்தனை, புகைச் சட்டத்துக்காக. 2019-ல ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல எல்லாம் வித்துத் தீர்ந்துச்சு. விலை எஞ்சினுக்கு மட்டும். வயரிங்கும் கம்ப்யூட்டரும் தனி. அந்த இழுவையைத் தாங்கற கியர்பாக்ஸ், பின் ஆக்சில் அவங்கவங்க பாடு. இந்தத் தடவையாவது பிரேக்கை மாத்துவாங்கன்னு நம்புவோம்.